கடலூர் – சிதம்பரம்: 175 மில்லிமீட்டர் கிராங்கில் ஒருமுறை, 165-இல் ஒருமுறை

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரத்துக்கு மலைச் சைக்கிளில் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை இந்தப் பிப்ரவரியில், ஒரு குழுவோடு. அந்தப் பயணம் பாதியில் ஆட்டோவில் முடிந்தது. இரண்டாவது முறை ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தனியாக. அன்று சிதம்பரம் வரை ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த இடத்தில்தான் மனசு ஒடிந்தது. பாதை எப்படி, பெண் தனியாகப் போகலாமா, என்ன வண்டி வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. நடுநடுவே என் கோபமும் வரும். அது பிடிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கம் நல்ல சாலை தேசிய நெடுஞ்சாலை மட்டும்தான். அதில் லாரிகளோடு போவதில் எனக்கு ஆசை இல்லை. பார்க்க வேண்டியதெல்லாம் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் இறால் குட்டைகளுக்கு நடுவே போகும் வரப்புகளிலும் இருக்கிறது. அங்கே மெல்லிய டயர் வண்டி போகாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். செம்மண்டலத்தில் வீடு. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினைந்து வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தைகளுக்கு எடுக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கணவருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை, ஞாயிறு என்றெல்லாம் அவருக்குக் கிடையாது. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இந்தக் கட்டுரைக்கு என் பெயரைவிட அந்த உயரம் முக்கியம்.

சைக்கிள் பழக்கம் எனக்கு ஆல்பர்ட் மாமாவால் வந்தது. அவர் என் அக்கா ரீத்தாவின் கணவர். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், ஆறடிக்குக் குறையாத ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். அந்தக் குழுவில் அவர் சொல்வதற்கு மறுபேச்சு இருக்காது. போன வருடம் நான் சேர விரும்பியபோது, "கடையில போய் ஏமாறாத, நானே ஒனக்கு ஒரு வண்டி கட்டித் தரேன்" என்றார். சட்டம், சக்கரம், பிரேக் எல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதாக ஏற்பாடு. மொத்தம் 24,000 ரூபாய் கொடுத்தேன்.

இங்கே கிராங்க் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெடலையும் நடு அச்சையும் இணைக்கிறதே ஓர் இரும்புக் கை, அதுதான் கிராங்க். அதன் நீளத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். உள்பக்கம் சின்ன எழுத்தில் அடித்திருக்கும். நம் ஊரில் விற்கும் மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் 170 அல்லது 175 இருக்கும், ஓட்டுபவர் ஆறடியா ஐந்தடியா என்று யாரும் கேட்பதில்லை. கிராங்க் நீளமாக இருந்தால் பெடல் கீழே வரும்போது தரைக்குப் பக்கத்தில் வரும், மேலே போகும்போது முழங்காலை மார்பு வரை தூக்கும். கால் குட்டையானவருக்கு இரண்டுமே தொல்லை. நான் இதையெல்லாம் படித்துவிட்டு, சுவரோரம் நின்று, தொடையிடுக்கிலிருந்து தரை வரை உள்கால் அளவு எடுத்தேன். எழுபத்தோரு சென்டிமீட்டர். எனக்கு 165 போதும், 160 கிடைத்தாலும் தப்பில்லை என்று தெரிந்தது. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, கிராங்க் மட்டும் 165 போட்டுடுங்க. எங்காலு அளவுக்கு அதான் சரியா வரும்."

"யார் சொன்னது?"

"அளந்து பாத்தேன் மாமா. கரையில போவும்போது பெடல் தரையில இடிக்காதுன்னும் போட்டிருக்கு."

"நெட்டுல நாலு பக்கம் படிச்சிட்டு எனக்கே சொல்லிக்குடுக்கிறியா? கிராங்க் நீளமா இருந்தாதான் மிதிக்கிறதுக்கு பலம் ஜாஸ்தி. பொம்பளைங்களுக்கு அதான் ஈஸி. வண்டிய நான் பாத்துக்கிறேன், நீ ஓட்டறத பாரு."

வண்டி வந்தது. நல்ல வண்டிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கிராங்கைத் திருப்பிப் பார்த்தேன், 175. அது புதியதும் இல்லை. அவர் தன் வண்டிக்குப் புது 175 வாங்கிக்கொண்டு, கழற்றிய பழையதை எனக்கு மாட்டியிருந்தார். டயரும் 2.4 அகலம் வேண்டும் என்று கேட்டிருந்தேன், 1.95 போட்டிருந்தார். "தார் ரோட்டுல சல்லுன்னு போவும்" என்றார். இந்த டயர் விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. டயர் மெலிந்தால் உயரமும் குறையும், வண்டியின் நடு அச்சு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் கீழே இறங்கிவிடும். நீளமான கிராங்க் இன்னொரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். நான் வண்டியில் உட்கார, பக்கத்து வீட்டுப் பெண் அளந்து சொன்னாள்: பெடல் அடியில் இருக்கும்போது அதற்கும் தரைக்கும் பதினொரு சென்டிமீட்டர்தான். அக்காவிடம் சொன்னேன். "அவரு எவ்ளோ மெனக்கெட்டு பண்ணியிருக்காரு, ஒரு செண்டிமீட்டருக்கு மூஞ்ச தூக்கிக்கிட்டு இருப்பியா?" என்றாள். அப்படியே ஓட்டப் பழகினேன். மூன்று மாதம் வலது முழங்காலில் வலி. "பழகிடும்" என்றார் மாமா.

சரி, பிப்ரவரிப் பயணம். சனிக்கிழமை மாலை சின்ன யானை லோடு வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு குழு கடலூர் வந்து தங்கியது. நானும் சேர்த்து எட்டுப் பேர். மற்ற எல்லோரும் ஆண்கள். ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குச் செம்மண்டலத்தில் கிளம்பினோம். ஞாயிறு பூசைக்கு முந்தின மாலையே சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தேன்.

கெடிலம் பாலம் தாண்டி முதுநகர் வரை சுலபம். அதன் பிறகு தொழிற்பேட்டை ஓரமாகப் போகும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வாசம் எப்படி இருக்கும் என்பது காற்றைப் பொறுத்தது, எந்தக் காற்றிலும் நன்றாக இருந்ததில்லை. ஆலப்பாக்கம் இருபதாவது கிலோமீட்டர், அங்கே டீக்கடை உண்டு, டீ 12 ரூபாய். புதுச்சத்திரம், பிறகு பி.முட்லூர். பி.முட்லூரில் இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. என் மீட்டரில் அங்கே நாற்பத்து மூன்று. வெள்ளாற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்தோம். காலை வெயிலில் ஆறு கடலைப் பார்த்து அகலமாக விரிந்து கிடக்கும். அந்த இடம் உண்மையிலேயே அழகு. அதில் மட்டும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

பாலம் தாண்டிக் கிள்ளைக்கு நேர்ச்சாலை இருக்கிறது. நாங்கள் அதில் போகவில்லை. வாய்க்கால் கரையில் இறங்கினோம். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் இறால் குட்டைகள். கரை சுமார் நான்கு கிலோமீட்டர். டிராக்டர் போய்ப் போய் இரண்டு ஆழமான தடம் விழுந்து இறுகிக் கிடந்தது. நடுவில் மேடு, ஓரத்தில் வெட்டிய சவுக்கு மரங்களின் அடிக்கட்டைகள் புல்லுக்குள் மறைந்திருந்தன. தடத்துக்குள் இறங்கி மிதித்தால் என் பெடல் இரண்டு பக்கமும் மண்ணில் இடித்தது. தடத்தை விட்டு ஓரமாக ஏறினால் கட்டைகள். மற்றவர்கள் வண்டி உயரம், டயரும் தடிமன். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

முதல் இடி லேசானது. இரண்டாவதில் வண்டி ஒரு பக்கம் துள்ளியது. நிறுத்தினேன். முன்னால் போன மாமா திரும்பி வந்தார்.

"மாமா, பெடல் தட்டிக்கிட்டே இருக்கு. நான் எறங்கி தள்ளிக்கிட்டு வரேன். நீங்க போங்க, கிள்ளைல பாத்துக்கலாம்."

"இன்னாம்மா இது, இத்தினி பேரு போறாங்க, நீ மட்டும் தள்ளிக்கிட்டு வருவியா? கீழ பாக்காத, தூரமா பாரு. நிறுத்தாம மிதி, அதுவா போவும்."

பின்னால் நின்ற ஒருவர், "சிஸ்டர் கொஞ்சம் பயப்படுறாங்க" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்தது. ஏறி மிதித்தேன்.

பெடல் இடிப்பது என்றால் என்ன என்று அனுபவம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். சறுக்கி விழும்போது உடம்புக்குக் கொஞ்சமாவது முன்கூட்டித் தெரியும். இதில் தெரியாது. இடது கால் கீழே போகும் வேகத்திலேயே பெடல் புல்லுக்குள் இருந்த அடிக்கட்டையில் மாட்டியது. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி வலது பக்கம் எறியப்பட, நான் வலது கையை ஊன்றியபடி கரைச் சரிவில் விழுந்தேன். முகம் இறால் குட்டைத் தண்ணீருக்கு ஓரடி தள்ளி இருந்தது. வலி உடனே வரவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

குட்டைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் முதலில் ஓடி வந்தார். "அய்யோ, கைய அசைக்காத பாப்பா, அசைக்காத" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்து, தன் துண்டை நனைத்துச் சுற்றினார். மாமாவும் வந்தார். கையைப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார், மடக்கினேன்.

"மடங்குதுல்ல, அப்ப ஒடயல. சுளுக்குதான்."

வீக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் போன் செய்து கிள்ளையிலிருந்து ஓர் ஆட்டோவை வரவழைத்தார். சிதம்பரம் மருத்துவமனைக்கு 450 ரூபாய். யாராவது கூட வருவார்கள் என்று நினைத்தேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிச்சாவரத்துல போட் சொல்லி வச்சிருக்கு. இவ்ளோ பேரு காசு குடுத்துட்டாங்க. நீ நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, அக்காவ அங்க வரச் சொல்றேன். நாங்க முடிச்சிட்டு ஒடனே வந்துர்றோம்."

ஆட்டோ ஓட்டியவர் கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்து, "அவுங்க யாரும் வரலியாக்கா?" என்று கேட்டார். "இல்ல, அவுங்களுக்கு வேலை இருக்கு" என்றேன். அவர் பள்ளம் வந்தபோதெல்லாம் மெதுவாக இறக்கினார்.

மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே முந்திரிக்கொட்டை போல ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது உடைந்திருந்தது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு நாளாகும் என்றார் மருத்துவர். இரண்டரை மாதம் மாவுக்கட்டு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதியம் மூன்று மணிக்கு மாமா வந்தார். அதற்குள் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. என்னைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: பெடலைச் சமமாக வைக்கத் தெரியாமல் ஒரு உறுப்பினர் விழுந்துவிட்டார், எல்லோரும் கவனமாக ஓட்டவும்.

அந்த வரி எனக்கு எலும்பைவிட வலித்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருந்தது. கட்டை தெரிந்தால் மிதிப்பதை நிறுத்தி இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்துக் கடக்கலாம். ஆனால் நிறுத்தாமல் மிதி என்று சொன்னவர் யார்?

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கட்டுப்போட்ட முதல் வாரம் அவள் கடலூருக்கு வந்து என்னோடு இருந்தாள். சமைத்தாள், ஜடை பின்னிவிட்டாள், முக்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். சீயக்காய் கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைப்பாள், சின்ன வயதில் செய்தது போலவே. கிராங்க் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும் குழாயைத் திறந்துவிடுவாள்.

ஏப்ரல் கடைசியில் கட்டு பிரித்தார்கள். கட்டைவிரல் முழுவதும் மடங்கவில்லை. ஊசியைப் பிடித்தால் நுனி ஆடுகிறது. பெரியவர்களுக்குச் சமாளிக்கலாம், குழந்தையின் கையில் நரம்பு தேடும்போது முடியாது. கூடத்தில் எனக்குப் பதிலாக ஏற்கெனவே ஒருவரை எடுத்திருந்தார்கள். என்னை முடிவுகள் தட்டச்சு செய்யும் மேசைக்கு மாற்றினார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை, நல்லவர்கள். ஆனால் உள்ளே ஒரு குழந்தை ஊசிக்கு அழுதால் என் கை தானாகவே எழுந்திருக்கப் பார்க்கிறது. பிறகு உட்கார்ந்துகொண்டு தட்டச்சு செய்கிறேன்.

ஜூலையில் வண்டியைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், வரவழைத்து வைத்திருந்த 165 கிராங்கை மாட்டச் சொன்னேன். கிராங்க் 2,600, வேலைக்கூலி 300. மாற்ற நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வண்டியின் நடு அச்சு சதுர வகையா, உருளை வகையா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் கிராங்கை வாங்குங்கள், இல்லாவிட்டால் அச்சையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். சதுர வகையைச் சுத்தியால் தட்டிக் கழற்ற விடாதீர்கள், அதற்கென்று கருவி இருக்கிறது. இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகாரம் சுற்றும் பக்கம் திருகினால் கழலும். கிராங்க் பத்து மில்லிமீட்டர் குறைந்தால் சீட்டைப் பத்து மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் வலி வேறு ரூபத்தில் வரும். ஏற்றத்தில் கொஞ்சம் கனமாக மிதிப்பது போல இருக்கும், ஒரு கியர் இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும். மாமா சொன்ன பலம் என்பது அவ்வளவுதான், ஒரு கியர். டயரையும் 2.4 ஆக்கினேன். மறுபடி அளந்தபோது பெடலுக்கும் தரைக்கும் பதிமூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. முழங்கால் வலி இரண்டு வாரத்தில் போய்விட்டது.

ஆகஸ்ட் பயணம் அதே பாதை. அதே டீக்கடை, அதே பாலம். கை உதறும் இடங்களில் நின்று நின்று போனேன். வெயில் பிப்ரவரியைவிடக் கடுமை, மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். கரையில் இறங்கினேன். டிராக்டர் தடம் இன்னும் ஆழமாகியிருந்தது. தடத்துக்குள் முழுச் சுற்று மிதிக்காமல், காலைப் பாதி முன்னும் பாதி பின்னும் அசைத்து அசைத்து நகர்ந்தேன். கட்டைகள் உள்ள இடத்தில் பெடலைச் சமமாக்கிக்கொண்டு உருட்டினேன். நான்கு கிலோமீட்டரில் ஒருமுறைகூடத் தட்டவில்லை. கிள்ளைச் சாலையில் ஏறியதும் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்றுதான் தோன்றியது. இரண்டு சென்டிமீட்டர். ஒரு மனிதர் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் போதுமே.

பிச்சாவரம் பக்கம் திரும்பாமல் நேராகச் சிதம்பரம் போனேன். கிள்ளையிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அக்காவிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். அண்ணாமலை நகர் பக்கம் அவள் வீடு. பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஐந்தாறு சைக்கிள்கள் நின்றன. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாமா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி, என்னைவிடக் குள்ளம், சுவரோரம் காலணி இல்லாமல் நின்றிருந்தாள். மாமா அளவு நாடாவை அவள் கையில் கொடுத்து, உள்கால் அளவை எப்படி எடுப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க எல்லாரும் 175 மாட்டி விட்டுடுவாங்க. ஒன் ஒயரத்துக்கு 165தான். பெடல் தரையில இடிக்காது, முட்டியும் வலிக்காது. இதெல்லாம் எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான்."

அவருடைய வண்டியைப் பார்த்தேன். அதிலும் 175 போய், குட்டையான கிராங்க் வந்திருந்தது.

"சூப்பர் சார், இதெல்லாம் எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அனுபவம்தாம்மா. நம்ம மச்சினி ஒருத்தி, சொல்றத கேக்காம ஓட்டி கைய ஒடச்சிக்கிச்சு. அதுக்கப்புறம் ஒக்காந்து ஆராய்ச்சி பண்ணேன்."

அவருக்கு முதுகுப் பக்கம், கேட்டுக்கு உள்ளே, ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். ஏழு மாதம் அந்தக் கண்ணுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அந்த மச்சினி நான்தான்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "நான் 165 வேணும்னு ஒங்ககிட்ட கேட்டேன். நெட்டுல படிச்சிட்டு வந்து சொல்லித்தராதன்னு சொல்லிட்டு, ஒங்க வண்டில இருந்த பழைய 175ஐ மாட்டிக் குடுத்தீங்க. எறங்கித் தள்ளிக்கிட்டு வரேன்னேன். நிறுத்தாம மிதின்னீங்க. இதையும் சேத்து சொல்லுங்க. ஆராய்ச்சில இதுவும் இருக்குல்ல."

மாமாவின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. பிறகு சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "பாத்தீங்களா, இன்னும் கோவம் போவல. குடும்பத்துல இதெல்லாம் சகஜம்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "வாம்மா, உள்ள போய் சாப்பிடு, ரீத்தா பிரியாணி பண்ணியிருக்கா" என்றார்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வண்டியைத் திருப்பினேன். அக்கா தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள். செருப்புகூடப் போடவில்லை, தார் சுட்டதில் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

"இப்ப இது தேவையாடி? அத்தினி பேரு முன்னாடி?"

"அத்தினி பேரு முன்னாடிதான அவரும் சொன்னாரு."

"அவரு பண்ணது தப்புன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வண்டிய கட்டறப்பவே தெரியும். பழச மாட்டறாரேன்னு கேட்டேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. கம்முனு இருந்துட்டேன்." சுட்ட காலை மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லிட்டு வண்டி ஏறி போயிடுவ. நான் அந்த வீட்டுக்குள்ளதான் போவணும். இன்னும் ஒரு மாசம் இத சொல்லிச் சொல்லியே என்ன கொல்லுவாரு."

"அப்ப என்கூட வா அக்கா. ரெண்டு நாள் கடலூர்ல இருந்துட்டு வா."

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினாள்.

"கொஞ்ச நாளைக்கு வராத நிர்மலா. நானே போன் பண்றேன்."

என் கட்டைவிரலை ஒருமுறை பிடித்து அழுத்திப் பார்த்தாள், எவ்வளவு மடங்குகிறது என்று. பிறகு போய்விட்டாள். இதை எழுதும் இன்று வரை போன் வரவில்லை. நான் செய்தால் எடுக்கிறாள், சாப்பிட்டியா என்கிறாள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுகிறாள்.

நான் சொன்னது தப்பா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது நான் மட்டும் அல்ல. அது தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? தெரியவில்லை. மாமா எதுவும் கொடுக்கவில்லை. அவருடைய குழுவில் இப்போது பெண்கள் நான்கு பேர், எல்லோருக்கும் 165. அவர்களுக்கு நல்லதுதான். அதை நினைத்து ஆறுதல் அடைய முயற்சி செய்தேன், முடியவில்லை.

இனி போகப்போகிறவர்களுக்கு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழைக்காலத்தில் கரையில் இறங்காதீர்கள், சேற்றில் வண்டி நிற்காது. செம்மண்டலத்திலிருந்து கரை வழியாகச் சிதம்பரம் வரை என் மீட்டரில் அறுபத்தாறு கிலோமீட்டர், நிதானமாகப் போனால் ஆறரை மணி நேரம். கடலூருக்கு நெடுஞ்சாலையில் திரும்பினால் நாற்பத்தைந்து சொச்சம், மாலையில் எதிர்காற்று இருக்கும். பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவே பஞ்சர் கடை கண்ணில் படவில்லை, டியூப் எடுத்துப்போங்கள். பெண்கள் தனியாகப் போகலாம். குட்டைகளில் வேலை செய்பவர்கள் நல்ல மனிதர்கள், தண்ணீர் கேட்டால் தருவார்கள். கிளம்புவதற்கு முன் கிராங்கின் உள்பக்கம் என்ன எண் இருக்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து, பெடலுக்கும் தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றும் இடத்தில் தள்ளிக்கொண்டு போங்கள், பின்னால் யார் சிரித்தாலும்.

சிதம்பரத்தில் மதியம் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அந்த ஊரில் நான் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறேன். இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.